ஒரு இரும்புச் சட்டமும் சில அரசுச் சட்டங்களும்

தமிழில 'சட்டம்' எண்ட சொல்லுக்கு இரண்டு பொருள் இருக்கு. ஒண்டு அரசாங்கம் போடுறது. மற்றது மரத்தாலயோ இரும்பாலயோ அடிக்கிறது. கதவுக்குச் சட்டம், படத்துக்குச் சட்டம் எண்டு சொல்லுறம்தானே, அது. இந்தப் பதிவு இரண்டையும் பற்றினது. வீட்டில பியர் காய்ச்சிற ஆக்கள் தங்கட பானைகளைத் தூக்கி வைக்க ஒரு இரும்புச் சட்டம் ஒட்டுவினம். அதை வடிவமைச்சு, செய்து, விக்கிறதுக்கு ஒரு வரலாறு இருக்கு. அந்தப் பானைக்குள்ள என்ன இருக்கலாம், என்ன இருக்கக்கூடாது எண்டு அரசுகள் போட்ட சட்டங்களுக்கும் ஒரு வரலாறு இருக்கு. இரண்டையும் பக்கத்தில வைச்சுப் பார்த்தால்தான் விசயம் விளங்கும்.

முதலே சொல்லிப்போடுறன், குடிக்கச் சொல்லி நான் எழுதேல்லை. அம்மா இந்தப் பக்கத்தை வாசிக்கிறவ :)

நான் இருக்கிற லோறென்ஸ்கூக் ஒஸ்லோவுக்குக் கிழக்கால ஒட்டிக்கொண்டு கிடக்கிற இடம். நோர்வேயில கடையில பியர் வாங்கிறதெண்டால் கிழமை நாளில இரவு 8 மணிக்குள்ள வாங்கவேணும், சனிக்கிழமை 6 மணிக்குள்ள. அதுவும் 4.7 வீதம் வரைக்கும்தான். அதுக்கு மேல வேணுமெண்டால் வின்மொனொப்பூலே எண்ட அரசாங்கக் கடைக்குப் போகவேணும். விலையைக் கேட்டால் வந்த தாகமும் போயிடும். ஆனா இதே நாட்டில நீங்கள் உங்கட நிலவறையில 50 லீற்றர் பியர் காய்ச்சிக் குடிச்சால் ஒருத்தரும் ஏனெண்டு கேக்கமாட்டினம். அதில ஒரு போத்தலைப் பக்கத்து வீட்டுக்காரருக்கு வித்தால் அது குற்றம். ஆனா காய்ச்சின பானையை, அது நிக்கிற இரும்புச் சட்டத்தை, பம்பியை எல்லாம் நீங்கள் தாராளமா விக்கலாம். பானையை விக்கலாம், பானத்தை விக்கேலாது. இந்த இடைவெளிக்குள்ளதான் சட்டம் ஒட்டுறவையின்ர தொழில் பிறந்தது.

அந்தச் சட்டம் எதுக்கு?

பியர் காய்ச்சிறது சோறு வடிக்கிறதை விடப் பெரிய வித்தை இல்லை, ஆனா பாரம் தூக்கிற வேலை. முளைக்க வைச்சுக் காயவிட்ட பார்லியை, அதாவது மால்ட்டை, உடைச்சு 65 பாகையில இருந்து 68 பாகை வரைக்கும் சூடான தண்ணியில ஒரு மணித்தியாலம் ஊறப்போடவேணும். தானியத்தில இருக்கிற மாப்பொருள் சீனியா மாறும். பிறகு அதை வடிச்சு, மிச்சம் இருக்கிற சீனியையும் கழுவி எடுக்க மேலால சுடுதண்ணி விடவேணும். வடிச்ச சாறை ஹொப்ஸ் போட்டு ஒரு மணித்தியாலம் கொதிக்கவைச்சு, ஆறவிட்டு, ஈஸ்ட் போடவேணும். 20 லீற்றர் பியருக்கு ஏறத்தாழ 5 கிலோ மால்ட் தேவைப்படும்.

ஆக மூண்டு பாத்திரம்: சுடுதண்ணிக்கு ஒண்டு, ஊறலுக்கு ஒண்டு, கொதிக்கவைக்க ஒண்டு. ஒண்டில இருந்து மற்றதுக்குக் கொதிக்கிற தண்ணியை வாளியில அள்ளி ஊத்தினால் ஒரு நாளைக்குக் காலில கொட்டும். அதுக்குத்தான் படி மாதிரி மூண்டு தட்டு வைச்ச சட்டம். உச்சியில சுடுதண்ணி, நடுவில ஊறல், அடியில கொதிகலன். குழாயைத் திறந்தால் தண்ணி தன்ர பாட்டில கீழ இறங்கும். பம்பி தேவையில்லை, கரண்ட் தேவையில்லை.

கேக்க வடிவாத்தான் இருக்கு. கணக்குப் பாருங்கோ. பியர்க் கம்பனியளின்ர பழைய 50 லீற்றர் பீப்பாயின்ர மேல்மூடியை வெட்டித்தான் கனபேர் பானையாக்கினவை. அதின்ர உயரம் அரை மீற்றருக்குக் கொஞ்சம் கூட. அடியில அடுப்புக்கும் குழாய்க்கும் 40 சென்ரிமீற்றர் விட்டு மூண்டை ஒண்டுக்கு மேல ஒண்டா அடுக்கினால் உச்சிப் பானையின்ர வாய் நிலத்தில இருந்து 2 மீற்றரைத் தாண்டும். அதுக்குள்ள 50 கிலோ கொதிதண்ணி. உள்ளுக்குப் பார்க்க ஏணி வேணும். சட்டம் ஒரு பக்கம் சரிஞ்சால் ஆளின்ர கதை முடிஞ்சுது. அதால சட்டத்தின்ர முதல் விதி உயரமில்லை, அகலம். கால்களை வெளியால தள்ளி வைக்கவேணும், குறுக்குக் கம்பி போடவேணும். அடுப்புக்குப் பக்கத்தில நிக்கிற இரும்பில பூசின சாதாரண மை எரிஞ்சு மணக்கும், அதுக்கு வெப்பம் தாங்கிற மை வேணும். இதெல்லாம் புத்தகத்தில படிச்சு வந்ததில்லை. ஒவ்வொருத்தரும் சுட்டுக்கொண்டு கண்டுபிடிச்சது.

அமெரிக்கக் கராஜுகள்

இந்த இரும்புச் சட்டத்தின்ர பிறந்த வீடு அமெரிக்காக் கராஜ். அங்க மதுவிலக்கு 1920 இல தொடங்கி 1933 இல முடிஞ்சுது. முடியேக்க வீட்டில வைன் செய்யிறதுக்கு வழி விட்ட அரசு பியரை விட்டிட்டுது. 45 வருசம் கழிச்சு, 1978 ஒக்ரோபரில ஜிம்மி காட்டர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கூட்டாட்சிச் சட்டத்தில அது சரியாச்சு. அடுத்த வருசம் நடைமுறைக்கு வந்தது.

சட்டம் வர முந்தியே ஆக்கள் தொடங்கிட்டினம் எண்டுறது வேற கதை. கலிபோர்ணியாவில சீக்கோ எண்ட ஊரில கென் கிறோஸ்மன் எண்டவர் 1976 இல வீட்டில காய்ச்சிற ஆக்களுக்குச் சாமான் விக்கிற கடை போட்டார். பிறகு வெல்டிங் படிச்சு, பால்பண்ணைகளில கழிச்சுவிட்ட தாங்கிகளையும் பழைய இரும்பையும் ஒட்டித் தன்ர கையாலயே ஒரு பியர் ஆலையைக் கட்டினார். அதில 1980 இல காய்ச்சத் தொடங்கினதுதான் சியரா நெவாடா. 1995 இல டெலவேயரில சாம் கலஜியோனி தொடங்கின டொக்ஃபிஷ் ஹெட் இன்னும் சின்னன். சட்டத்தில மூண்டு பீப்பாயை ஏத்தி வைச்சு, ஒரு தடவைக்கு 50 லீற்றர் கூட வராத அளவில காய்ச்சித்தான் ஒரு உணவகத்தை நடத்தினவர். இரண்டுமே பிறகு பெரிய கம்பனியா வளந்தது.

ஆனா சட்டத்தைச் செய்து விக்கிறவையின்ர கதை இவ்வளவு இனிப்பில்லை. யோசிச்சுப் பாருங்கோ. நீங்கள் ஒரு வார இறுதி முழுக்க நிண்டு வடிவா ஒண்டை ஒட்டுறீங்கள். பார்த்த நண்பர் எனக்கும் ஒண்டு எண்டுறார். அவற்ர பானை வேற அளவு. அடுத்தவருக்கு அடுப்பு வேற. ஒவ்வொண்டையும் புதுசா அளந்து வெட்டவேணும். ஒட்டின சட்டம் கதவால போகாது, தபாலில அனுப்பேலாது. வாங்க வாறவர் இரும்பின்ர விலையைத் தெரிஞ்சு வைச்சிருப்பார், உங்கட நேரத்தின்ர விலையைக் கேக்கமாட்டார். கடைசியில இரும்புக் காசும் வெல்டிங் கம்பிக் காசும்தான் மிஞ்சும்.

இதில தப்பினவை வடிவமைப்பையே மாத்தினவைதான். ஜோன் பிளிக்மன் எண்டவர் கற்றபில்லர் கம்பனியில எஞ்சினியரா இருந்தவர், 2000களின்ர தொடக்கத்தில இந்தியானாவில தன்ர கம்பனியைத் தொடங்கினார். அவற்ர கம்பனி கொண்டுவந்த சட்டத்தில ஒட்டுவேலையே வாங்கிறவருக்குத் தேவையில்லை. நடுவில ஒரு அலுமினியத் தூண், அதில மேல கீழ நகர்த்திப் பூட்டுற தட்டுகள். எந்தப் பானையும் நிக்கும், கழட்டிப் பெட்டிக்குள்ள போட்டு அனுப்பலாம். தனக்குச் செய்யிற சட்டத்தில கேள்வி 'என்ர பானை நிக்குமா' எண்டது. விக்கச் செய்யிற சட்டத்தில கேள்வி 'முகம் தெரியாத ஒருத்தரின்ர பானை நிக்குமா' எண்டது. இந்த இரண்டு கேள்விக்கும் இடையில இருக்கிற தூரம்தான் கைவேலைக்கும் வியாபாரத்துக்கும் இடையில இருக்கிற தூரம்.

காய்ச்சாட்டில் தண்டம்

இனி நோர்வேக்கு வருவம். இங்க வரலாறு தலைகீழா தொடங்குது. மேற்கு நோர்வேயின்ர பழைய குலத்திங் சட்டத்தில பியர் காய்ச்சிறது உரிமை இல்லை, கடமை. நத்தாருக்கும் மற்றத் திருநாளுக்கும் கமக்காரர் காய்ச்சத்தான் வேணும். காய்ச்சாட்டில் ஆயருக்குத் தண்டம். மூண்டு வருசம் தொடர்ந்து காய்ச்சாமல் இருந்தால் சொத்தே போயிடும், பாதி அரசனுக்கு, பாதி ஆயருக்கு. நம்ப ஏலாமல்தான் இருக்கும், ஆனா இடைக்காலச் சட்டப் பிரதியிலயே கிடக்கு.

அதால ஒவ்வொரு பண்ணையிலயும் பாத்திரங்கள் இருந்தது. கொதிக்கவைக்கச் செப்புக் கிடாரம். வடிக்க றொஸ்தெகார் எண்டு ஒரு மரத்தொட்டி, அடிப்பக்கத்தில ஓட்டை போட்டது. அந்தத் தொட்டியின்ர அடியில யூனிப்பர்க் கொப்புகளைப் பரப்பி, அதுக்கு மேல ஊறின மால்ட்டைக் கொட்டுவினம். கொப்பு வடிகட்டியாவும் நிக்கும், மணமும் குடுக்கும். இதை முதன்முதல் வாசிச்ச உடன எனக்கு ஞாபகம் வந்தது பன்னாடை. எங்கட ஊரில கள்ளு வடிக்க வேற என்ன வைச்சிருந்தவை? மரத்தில இருந்து வாறதை மரத்தாலயே வடிக்கிறது. இரண்டு நாட்டுக்கும் நடுவில ஏழாயிரம் கிலோமீற்றருக்கு மேல, யோசனை ஒண்டு.

இன்னொரு சாமான் குவைக் எண்ட ஈஸ்ட். காய்ச்சி முடிய அடியில தங்கிறதை எடுத்து, மரக்கட்டையில நிறைய ஓட்டை போட்டதிலயோ, மரத்துண்டுகளைக் கோத்துக் கட்டின வளையத்திலயோ பூசிக் காயவிட்டுத் தொங்கவிடுவினம். அடுத்த முறை அதைத் தூக்கிப் போட்டால் போதும். கள்ளு முட்டியை முழுக்கக் கழுவித் துடைக்காமல் விட்டால் அடுத்த நாள் கள்ளு கெதியாப் புளிக்கும், கருப்பநீர் வேணுமெண்டால் முட்டிக்குள்ள சுண்ணாம்பு பூசவேணும் எண்டு எங்கட சீவல்காரருக்குத் தெரிஞ்ச விசயமும் இதேதான். பாத்திரத்துக்குள்ளதான் உயிர் இருக்கு.

பிறகுதான் அரசு பாத்திரத்தில கை வைக்கத் தொடங்கினது. 1816 இல பண்ணைகளில சாராயம் வடிக்க விட்டினம். நாடு முழுக்க வடிகலன்கள் பெருகி, குடியும் பெருகினது. 1845 இல வந்த சட்டம் சின்ன வடிகலன்களைத் தடை செய்து, வடிக்கிறதைப் பெரிய ஆலைகளின்ர கையில குடுத்தது. கவனிச்சீங்களோ? சட்டம் பிடிச்சது குடிகாரரை இல்லை, பானையின்ர அளவை. பானத்தை ஒளிக்கலாம், குடிச்சு முடிக்கலாம். செப்புப் பானையை எங்க கொண்டுபோய் ஒளிக்கிறது?

1916 இல போர்க்காலத் தடையாத் தொடங்கின மதுவிலக்கை 1919 இல மக்கள் வாக்கெடுப்பில ஏறத்தாழ 62 வீதம் பேர் ஆதரிச்சினம். தடை சாராயத்துக்கும் வீரியமான வைனுக்கும்தான், பியருக்கு இல்லை. போத்துக்கலும் ஸ்பெயினும் எங்கட வைனை வாங்காட்டில் உங்கட மீனை வாங்கமாட்டம் எண்டு நெருக்க, 1923 இல வைனை விட்டுக்குடுத்தினம். இதுக்கிடையில 1922 இல வின்மொனொப்பூலே உருவாச்சு. 1926 இல இன்னொரு வாக்கெடுப்பு, ஏறத்தாழ 56 வீதம் பேர் தடை வேண்டாம் எண்டவை. அடுத்த வருசம் தடை போச்சு, அரசுக் கடை நிண்டுட்டுது. லோறென்ஸ்கூக்கிலயும் அதுக்கு ஒரு கிளை இருக்கு.

அந்த 1845 இன்ர நிழல் இன்னும் போகேல்லை. நோர்வேயில பியர் காய்ச்சிற சட்டம் ஒண்டை நீங்கள் இணையத்தில விளம்பரம் போட்டு விக்கலாம். அதே பானைக்கு மேல ஒரு வடிகுழாயைப் பூட்டி, சாராயம் வடிக்கிற கருவி எண்டு அனுமதியில்லாமல் வித்தால் கருவியே குற்றம், உள்ளுக்கு ஒரு துளி இல்லாட்டிலும்.

நோர்வேக்காரரின்ர இரும்புச் சட்டம் அமெரிக்காவில இருந்ததை விடக் கட்டையா வந்ததுக்கும் காரணம் இருக்கு. அமெரிக்கர் கராஜ் கதவைத் திறந்து வைச்சுக் காஸ் அடுப்பில காய்ச்சினவை. இஞ்ச சனவரியில கதவைத் திறக்க ஏலுமே? நிலவறைக்குள்ளதான் காய்ச்சவேணும், அங்க காஸ் அடுப்பு ஆபத்து, கூரையும் பதிவு. ஆனா நீர்மின்சாரம் கனகாலம் மலிவா இருந்தது. சுவரில 16 அம்பியர் பிளக் இருந்தால் மூண்டரைக் கிலோவாட் எடுக்கலாம். அதால பானைக்குள்ளயே சூடாக்கியைப் பூட்டி, மூண்டு பானையையும் ஒரே மட்டத்தில நிறுத்தி, சின்னப் பம்பியால தண்ணியை ஏத்தி இறக்கினவை. பிறகு எல்லாம் ஒரே பானைக்குள்ள முடியிற யேர்மன், நியூசிலாந்து மெஷின்கள் வந்தது. கையால ஒட்டின சட்டங்களுக்கு அதோட மவுசு குறைஞ்சு போச்சு.

ஆனா விளைவு மிஞ்சினது. விமானியா இருந்த கெத்தில் யிக்கியுன் வீட்டில காய்ச்சிப் பழகி, 2002 இல கிறிம்ஸ்தாட்டில இன்னொருத்தரோட சேர்ந்து நொக்னே ஓ எண்ட ஆலையைத் தொடங்கினார். நோர்வேயின்ர சின்னப் பியர் ஆலைகளுக்கு அது ஒரு தொடக்கம்.

எங்கட சட்டம்

இப்ப யாழ்ப்பாணத்துக்கு வருவம். பன்னாடையில தொட்டதை முடிக்கவேணும்தானே.

இலங்கையின்ர மதுவரிக் கட்டளைச் சட்டம் 1912 இல வந்தது. கள்ளுச் சீவ அனுமதி வேணும். யாழ்ப்பாணத்தில மரத்தை எண்ணி மரவரி வாங்கின காலமும் இருந்தது. நோர்வேயில பானையைப் பிடிச்ச சட்டம் எங்கட ஊரில மரத்தைப் பிடிச்சது. காரணம் ஒண்டுதான், பனையை ஒளிக்க ஏலாது. 1970களில சீவல் தொழிலாளரின்ர கூட்டுறவுச் சங்கங்கள் வந்து தவறணைகளை நடத்தத் தொடங்கினது. அது பெரிய மாற்றம். மரத்தில ஏறினவனே விக்கிறவனாவும் வந்தான். தமிழ்நாட்டில இதுக்கு நேர் எதிர். அங்க 1987 இல இருந்து கள்ளுக்குத் தடை. 2003 இல சில்லறை விற்பனை டாஸ்மாக் கைக்குப் போச்சு. போத்தலை அரசு விக்கும், முட்டியை மனுசன் இறக்கக்கூடாது.

ஆனா எங்களிட்ட அரசுச் சட்டத்துக்கு மேல இன்னொரு சட்டம் இருந்தது, சாதி. தளநார், பாளைக்கத்தி, தட்டுப்பொல்லு, கத்திக்கூடு, முட்டி, பிளா. இது ஒவ்வொண்டும் வடிவமைப்பு. எத்தினை அடி உயரத்தில ஒரு கையால மரத்தைப் பிடிச்சு மறு கையால பாளையைச் சீவிறதுக்கு எண்டு தலைமுறை தலைமுறையாச் செதுக்கினது. மேல நான் எழுதின மூண்டு தட்டுச் சட்டம் இதுக்குப் பக்கத்தில நிக்கேலாது. நோர்வேயில காய்ச்சின கமக்காரன் பண்ணைக்குச் சொந்தக்காரன். அவன்ர பியர்க் கிண்ணத்தைப் பூ வேலை செய்து 1894 இல தொடங்கின பிக்டோய் நாட்டார் அருங்காட்சியகத்தில கண்ணாடிக்குள்ள வைச்சிருக்கினம். எங்கட ஊரில கள்ளைக் குடிச்சவர் முற்றத்துக்குள்ள இருந்தார், இறக்கினவர் படலைக்கு வெளியால நிண்டார். கத்தியைக் கண்ணாடிக்குள்ள வைக்கிறது கிடக்கட்டும், அதின்ர பெயரை எழுதி வைக்கக்கூட நாங்கள் மினக்கெடேல்லை.

இங்க என்ன செய்தவை தெரியுமோ? 1946 இல அந்த அருங்காட்சியகத்தோட சேர்ந்து ஒரு ஆய்வு நிறுவனம் தொடங்கினவை. அவை ஊர் ஊரா வயசு போன ஆக்களுக்குக் கேள்விப் பட்டியல் அனுப்பினவை. பியர் காய்ச்சிறதைப் பற்றின பட்டியல் 1950களில போனது. உங்கட ஊரில வடிக்கிற தொட்டிக்கு என்ன பெயர், எந்தக் கொப்புப் போடுவியள், ஈஸ்டை எதில காயவைப்பியள் எண்டு. அந்தப் பதில்களை வைச்சு ஊட் நூர்லான்ட் 1969 இல ஒரு புத்தகம் எழுதினார். பிறகு ஒருத்தரும் கணக்கெடுக்கேல்லை. 2010களில லார்ஸ் மாரியுஸ் கார்ஷோல் எண்ட ஒஸ்லோப் பக்கத்துக் கணினிக்காரர், தன்ர வலைப்பதிவில எழுதத் தொடங்கி, அந்தப் பழைய பதில்களைக் கிண்டி, ஊர் ஊராப் போய் இன்னும் காய்ச்சிக்கொண்டிருந்த கிழவர்களைக் கண்டுபிடிச்சார். 2018 இல வந்த ஆய்வுக் கட்டுரை ஒண்டு, அவரும் எழுதினவர்களில ஒருத்தர், குவைக் எண்டது மற்ற பியர் ஈஸ்டுகளில இருந்து வேறுபட்ட தனிக் குடும்பம் எண்டு காட்டினது. 40 பாகை வெக்கையிலயும் வேலை செய்யிற அந்த ஈஸ்ட் இண்டைக்கு உலகம் முழுக்கப் போகுது. ஒரு கேள்விப் பட்டியலும் ஒரு வலைப்பதிவும் செய்த வேலை இது.

எங்கட பனையில வாழுற ஈஸ்டுக்கும் யாழ்ப்பாண வெக்கை பழக்கம்தான். அதுக்கு என்ன குணம், எத்தினை வகை எண்டு கேக்கிறது பிறகு. முதல்ல சாமான்களின்ர பெயராவது மிஞ்சவேணும். தளநாரை எந்த மட்டையில இருந்து கிழிச்சவை, எத்தினை சாண் நீளம், பாளைக்கத்தியை ஆர் அடிச்சுக் குடுத்தவை, சாணை பிடிக்க எந்தப் பலகையும் எந்த மணலும், முட்டி எந்த ஊர்க் குயவரிட்ட இருந்து வந்தது? இதுக்குப் பதில் தெரிஞ்ச ஆக்களுக்கு இண்டைக்கு எழுபது எண்பது வயசு.

வலைப்பதிவு வைச்சிருக்கிற எங்களுக்கு அருங்காட்சியகம் தேவையில்லை. இந்த முறை ஊருக்குக் கதைக்கேக்க ஆளுக்கு ஒரு சாமானைப் பற்றிக் கேளுங்கோ. மானிப்பாய்ப் பெயர் வேற, வடமராட்சிப் பெயர் வேற, மன்னாரில வேற, திருநெல்வேலிப் பக்கம் வேறயாத்தான் இருக்கும். இருக்கட்டும், அதுதான் வேணும். பெயர், அளவு, செய்யிற விதம் மூண்டையும் அப்பிடியே எழுதிப் போடுங்கோ. சொன்ன ஆள் விரும்பினால் அவரின்ர பெயரையும் போடுங்கோ. படலைக்கு வெளியால நிண்ட ஆக்களின்ர பெயர் எங்கயாவது ஒரு இடத்தில முதல் வரியில வரட்டும்.